படலையில் கட்டிய வாழை

பிரான்சில் பொண்டி என்ற ஊரில் தம்பி வாங்கிய வீட்டின் பின்பக்கத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. வீட்டைக் காட்ட எங்களைக் கூட்டிப்போன அன்று முதலில் சமையலறையைக் காட்டினான். பிறகு மேல்மாடி அறைகளைக் காட்டினான். கடைசியாக, பெரிய பரிசுப் பொதியை அவிழ்ப்பவன் போல ஒரு சிரிப்போடு கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தான். தண்ணீர் நீலமாக, அசையாமல் கிடந்தது. என் கணவர் "அட!" என்றார். இடுப்பில் இருந்த மகளை நான் இறுக்கிப் பிடித்த பிடியில் அவள் வீரிட்டு அழுதாள்.

"பார், பிள்ளைக்கும் குளிக்க ஆசை" என்றான் தம்பி.

நான் பயந்தவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மெட்ரோவில் மஞ்சள் கோட்டுக்கு நாலு அடி பின்னால்தான் நிற்பேன். காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க மாடிப்படி ஏறித் திரும்பி வருவேன். வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கடலுக்கு மிக அருகில் பிறந்து வளர்ந்த குடும்பம் இது. கடல் பார்க்கிற சாமான், இறங்குகிற சாமான் இல்லை என்றுதான் எங்களை வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த தம்பி வீட்டுக்குள் ஒரு குளத்தை வாங்கி வைத்துக்கொண்டு பல்லை இளிக்கிறான்.

அது அவனுடைய வீடு, அவனுடைய குளம் என்று விட்டுவிட எனக்கு வழியில்லை. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நான் ரூ பெர்தொனே தெருவில் ஒரு கடையின் பின்னறையில் சேலைச் சட்டை தைக்கிறேன். கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை. அதுவரை மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா பியர்ஃபித் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். க்ரெஷ் என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இடம் கேட்டு எழுதியதற்குப் பதிலே இல்லை. அப்போதுதான் தம்பியின் மனைவி, "நான் வீட்டிலைதானே நிக்கிறன் மச்சாள், பிள்ளையை என்னட்டை விடுங்கோ" என்றாள். தங்கமான மனசு. கலியாணமாகி வந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை முகம் கோணிப் பேசியதில்லை. புது வீட்டுக் குடிபூரல் முடிந்து வருகிற திங்கட்கிழமையிலிருந்து மகள் பகல் முழுக்க அந்த வீட்டில்தான் இருப்பாள் என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் என்றால், அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்.

அதனால் நான் சட்டத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடம் கேட்டேன், போனில் தேடிப் படித்தேன், புரியாத சொற்களை முதலாளியின் மகளிடம் காட்டிக் கேட்டேன். வீட்டில் நிலத்துக்குள் தோண்டிய குளம் இருந்தால், நாலு வகைப் பாதுகாப்பில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டுமாம்: சுற்றி வேலி, அல்லது மேலே மூடி, அல்லது முழுக் குளத்தையும் அடைக்கிற கண்ணாடிக் கூடு, அல்லது அலாரம். இதைத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அலாரம் இருக்கு அக்கா. நாலிலை ஒண்டு இருந்தாக் காணும். வீட்டு உறுதி எழுதின நொத்தேரும் சொன்னவர்."

"அது எப்ப அடிக்கும்?"

"ஆராவது தண்ணிக்குள்ளை விழுந்தா அடிக்கும்."

"விழுந்த பிறகோ?"

பக்கத்தில் இருந்த கணவர் தொண்டையைச் செருமினார். "விழுந்த பிறகு அடிச்சு என்னடா செய்யிறது, ஊரைக் கூட்டவோ?" என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. வேலி போடாவிட்டால் பிள்ளையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விடாமல் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவனுக்கு அது தெரியாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவனும் என் கணவரும் சேர்ந்து வேலியைப் பூட்டினார்கள். கட்டுக்கட்டாக வந்த வெள்ளைக் கம்பி வேலி. நான் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். சட்டை அளக்கிற டேப்பால் வேலி அளந்த ஆள் பிரான்சிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு மீற்றர் பத்துக்குக் குறையக் கூடாது என்று படித்திருந்தேன். ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் குந்தியிருந்து அளந்தேன். கம்பிகளுக்கு இடையில் மகளின் தலை போகுமா என்று என் கைமுட்டியை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் உடம்பு எனக்குக் கணக்கு. தோளிலிருந்து முழங்கால் வரை எந்த வயதுக்கு எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேலியை ஒட்டி ஒரு பூச்சாடி இருந்தது. அதில் ஏறி நின்றால் மகளின் நெஞ்சு வேலிக்கு மேலே வரும். பூச்சாடியை இழுத்து மதிலோரம் வைத்தேன்.

"அக்கா வந்தாப் போச்சு, மெரியிலையிருந்து நகரசபை ஆள் வந்த மாதிரி" என்றான் தம்பி.

வேலிக்கு ஒரு படலை, உள்ளே போகிற சின்னக் கதவு. அதுதான் எனக்குப் பிடித்தது. மேலே உள்ள குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டே தள்ளினால்தான் திறக்கும். சின்னக் கைக்கு அது ஏலாது. கையை விட்டால் வில்லின் இழுப்பில் தானாகவே வந்து 'ணங்' என்று பூட்டிக்கொள்ளும். நான் திறந்து விட்டேன், ணங். திறந்து விட்டேன், ணங். தம்பியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. வீடு பார்த்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கியது.

குடிபூரலன்று காலையில் நாங்கள் பிந்திப்போய்விட்டோம். ஒரு கலியாணப் பெண்ணின் சட்டைக்குக் கைப்பகுதி மாற்ற வேண்டியிருந்தது. மஜெந்தா நிலையத்தில் ரயிலைப் பிடித்து, பொண்டியில் இறங்கி, பட்டுச்சேலையோடு வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது ஐயர் ஓமத்தை முடித்து எழும்பிவிட்டார். வீடு முழுக்கச் சனம். சாம்பிராணிப் புகை. தோட்டத்தைப் பார்க்கிற கண்ணாடிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதற்கு வெளியே பார்த்த எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது.

குளத்துப் படலையின் இரண்டு தூண்களிலும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். லா ஷாப்பலில் தமிழ்க் கடைக்குச் சொல்லிவைத்து எடுத்த, குலையோடு கூடிய உண்மையான வாழை. மேலே மாவிலைத் தோரணம். வாழைக்கு இடம் வேண்டுமென்று படலையை முழுதாகத் திறந்து, பின்னால் வேலியோடு சேர்த்து நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீரின் மேல் செவ்வந்திப் பூக்கள் மிதந்தன. என் மகளின் உயரத்தில் நின்று பார்த்தால், அது வா வா என்று அழைக்கிற வாசல்.

நான் தம்பியைத் தேடிப் பிடித்தேன்.

"என்னடா இது?"

"வீடியோக்காரப் பெடியன் கேட்டவன் அக்கா. நாங்கள் ரெண்டு பேரும் வாழைக்குள்ளாலை நடந்து வாறமாதிரி, பின்னாலை தண்ணி. வடிவா வந்திருக்கு."

"எடுத்து முடிஞ்சுதெல்லோ? அவிழ்."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய மாமியார் குறுக்கே வந்தார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? நல்ல காரியத்துக்குக் கட்டின வாழையைப் பொழுதுபட முன்னம் அவிழ்க்கிறதோ? குடிவந்த முதல் நாளே வாசலைச் சாத்துறதோ?" சுற்றி நின்ற பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அலாரமாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஓமம் நடக்கும்போது பூவைக் கொட்டியதில் அது அலறத் தொடங்கி, ஐயர் மந்திரத்தை நிறுத்தும்படி ஆயிற்றாம். அதனால் நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

வேலி இருக்கிறது, அலாரம் இருக்கிறது, இரண்டும் இல்லை. எங்கள் ஆட்களை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் எழுதியவனுக்கு வாழைமரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அன்றைக்குத் தம்பிக்கு முதல் வீடு. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை. மகளைக் கணவரின் கையில் கொடுத்தேன். "நிலத்திலை விடாதேங்கோ. என்ன நடந்தாலும் விடாதேங்கோ" என்றேன். அவர் தலையாட்டினார்.

பிறகு ஆராத்திக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரனின் அக்கா எடுக்க வேண்டும். அது எனக்குள்ள உரிமை, மாட்டேன் என்று சொல்ல முடியாது. தம்பியும் மனைவியும் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் அவர்களுக்கு முன்னால், தோட்டத்துக்கு முதுகு காட்டி நின்றேன். எதிர்ப்பக்கம் தட்டைப் பிடித்தது தம்பியின் மாமியார். தட்டில் சிவந்த தண்ணீர், வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள், அவற்றில் சின்னச் சின்னச் சுடர். வீடியோ எடுப்பதைப் பார்க்க, வெளியே நின்ற சனம் எல்லாம் உள்ளே வந்து, கதவுப்பக்கத்தை மட்டும் விட்டு எங்களைச் சூழ்ந்துகொண்டது. தட்டை மெதுவாகச் சுற்றினோம். தம்பி வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவியும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். நடுவில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கண்ணில் புகை பட்டதாக்கும் என்று நினைத்தேன். சுற்றி முடித்துப் பொட்டு வைத்தோம். தட்டை வெளியே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பினேன்.

தோட்டத்தில் ஒருவருமில்லை. என் மகள் மட்டும் வாழைமரங்களைத் தாண்டி, குளத்தின் விளிம்பில் குந்தியிருந்தாள்.

ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மற்றக் கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, ஒரு செவ்வந்திப் பூவை எட்டிக்கொண்டிருந்தாள். விரலுக்கும் பூவுக்கும் கொஞ்சம்தான் இடைவெளி. அவள் கை அசையும்போதெல்லாம் பூ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. அவளும் இன்னும் கொஞ்சம் முன்னால் சரிந்தாள்.

கத்த வாய் திறந்தேன். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள், திரும்பினால் சரிவாள். ஓடினால் சேலை தடுக்கும்; சத்தம் கேட்டு, என்னோடு விளையாடுகிறாள் அம்மா என்று எழும்பி அவளும் ஓடுவாள். எந்தப் பக்கம் ஓடுவாள்? தட்டைக் கீழே போட்டால் சத்தம். இதெல்லாம் நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. உடம்பு அப்படியே உறைந்துபோய், உள்ளே ஏதோ ஒன்று மட்டும் நடந்துகொண்டிருந்தது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர ஒரு சொல்லும் வரவில்லை. கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எரிகிற ஆராத்தித் தட்டை ஏந்தியபடி, சாமி தூக்குகிறவர்கள் நடப்பதுபோல, அந்தப் புல்லுத்தரையில் நடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான இடத்தை நான் கடந்ததில்லை.

படலைக்குப் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, பாட்டுப்போல, "செல்லம், இஞ்சை பார், விளக்கு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஊன்றியிருந்த கை வழுக்கி, ஒரு முழங்கால் விளிம்புக்கு வெளியே போனது. பிறகு திரும்ப ஊன்றிக்கொண்டாள். என் உயிர் போய் வந்தது என்று சும்மா சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"பூஜி!" என்றாள். மெழுகுதிரியைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வாள். பிறந்தநாள் கேக்கில் திரி ஊதுவதென்றால் அவளுக்கு உயிர்.

"ஓம் செல்லம், பூஜி. அம்மாட்டை வா. வந்து ஊது."

அவள் எழும்பினாள். எழும்புகிறபோது தண்ணீரின் பக்கம் ஒரு அடி தள்ளாடினாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தத்தித் தத்தி என்னிடம் வந்தாள். நான் குந்தியிருந்து தட்டை நீட்டினேன். அவள் கன்னத்தை உப்பி ஊதினாள். ஒரு சுடர் அணைந்தது. இன்னொரு முறை ஊதினாள். எல்லாம் அணைந்தது. கையைத் தட்டிச் சிரித்தாள். நான் அவளை வாரி எடுத்தேன். சிவந்த தண்ணீர் என் பட்டுச்சேலையெல்லாம் கொட்டியது.

அதற்குள் வாசலில் சனம் கூடிவிட்டது. "ஐயோ, ஆராத்தியை ஊதி அணைச்சுப்போட்டுது பிள்ளை!" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மகளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறுகையால் வாழைமரத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை வைத்து உதைத்தேன். தோரணம் அறுந்து என் தலையில் விழுந்தது. கணவர் ஓடிவந்து, ஒன்றும் பேசாமல், நைலோன் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். சோற்றுப் பானையை வான் வண்டியிலிருந்து இறக்க ஆள் கேட்டார்களாம். மகளைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. படலை வந்து பூட்டிக்கொண்டது.

தம்பி என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னான். "நல்ல நாள் பெருநாளிலை இப்பிடிச் செய்துபோட்டியேக்கா." அவன் பார்த்தது விழுந்த வாழையை மட்டும்தான். மற்றதை அவன் பார்க்கவில்லை. அவனுடைய மாமியார் உடைந்த வாழைக்குலையைத் தடவிக்கொண்டிருந்தார். சாப்பாடு தொடங்கியது. எனக்குப் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. மகளை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தேன்.

பின்னேரம் புறப்படும்போது, மகளையும் கூட்டிக்கொண்டு மேல்மாடி அறைக்கு எங்கள் பைகளை எடுக்கப் போனேன். தம்பியின் மனைவி அங்கே கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கூறைச்சேலை கூட மாற்றவில்லை. என்னைக் கண்டதும் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மச்சாள், திங்கக்கிழமை பிள்ளையைக் கொண்டராதேங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. வாழையை உதைத்ததற்குக் கோபம் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளட்டும், அவளுடைய முதல் வீடு. ஆனால் திங்கட்கிழமை மகளை எங்கே விடுவேன்? "கோவமே பிள்ளை? வேலி இருக்குத்தானே, படலையை இனி ஒருத்தரும் கட்டமாட்டினம்" என்று சமாதானம் சொல்லத் தொடங்கினேன்.

"அதில்லை." அவள் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். "நான் முதலே கண்டனான்."

"எதை?"

"பிள்ளை போறதை. நீங்கள் தட்டைச் சுத்தேக்கை நான் அங்காலைதானே பார்த்துக்கொண்டு நிண்டனான். வாழைக்குள்ளாலை போனதைக் கண்டன். தண்ணியடியிலை இருந்ததைக் கண்டன். வாய் வரேல்லை மச்சாள். கால் வரேல்லை. ஆராத்திக்குள்ளை சத்தம் போடக்கூடாதெண்டு நிண்டனோ, பயத்திலை நிண்டனோ, எனக்கே தெரியேல்லை. நீங்கள் திரும்புங்கோ, திரும்புங்கோ எண்டு மனசுக்குள்ளை கத்திக்கொண்டு நிண்டன். அவ்வளவுதான் செய்தனான்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தட்டு சுற்றிய அந்த நேரம் முழுதும் என் மகள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். எனக்கு முன்னால் ஒரு முகம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த முகத்துக்குத்தான் நான் பொட்டும் வைத்தேன். கோபம் வந்தது. அவளை உலுக்க வேண்டும் போல, கன்னத்தில் அறைய வேண்டும் போல வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். "எனக்கும் ஒண்டு வரப்போகுது மச்சாள். அது தண்ணியடிக்குப் போனாலும் நான் இப்பிடித்தான் பார்த்துக்கொண்டு நிப்பனோ?"

எழும்பி அவளைக் கட்டிப் பிடித்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்ற மகள், வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.